அக்கி உறங்கும் இடம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர் புளியங்குடி. தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் குழந்தைக்குச் சின்னம்மை கண்டால் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவர். முதியவரின் விலாவில் பட்டைபோலக் கொப்புளங்கள் எழும்பினால் அதனை ‘அக்கி’ என்பர். அக்கியின்மீது குயவர் செங்காவியால் உருவம் எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஆனால், செங்காவி தோலின்மேல் நிற்பது. நோயின் வேரோ தோலில் இல்லை.

சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்குவது ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே வைரஸ்தான். அம்மை ஆறிய பின்னும் அது தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கும். முதுமையில் உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது அக்கியாக எழும். இக்கருத்தை 1965இல் விளக்கியவர் ஹோப் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய ஊர்ப்புற மருத்துவர். கொப்புளம் உலர்ந்த பின்னும் சிலருக்கு எரிச்சலும் வலியும் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. ஆகவே, ஒடுங்கியிருக்கும் வைரஸ் எவ்வாறு விழிக்கிறது என்பது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று.

இவ்வைரஸின் ஏறத்தாழ 70 மரபணுக்களுள் 62 என எண்ணிடப்பட்டது தலையாயது. அது தரும் புரதம் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து பிற மரபணுக்களை இயக்குகிறது. தொற்று முதிர்ந்ததும் 66ஆம் மரபணுவின் நொதி அப்புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதன்பின் அது உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் தங்கி, புதிய வைரஸ் துகள்களுக்குள் அடைக்கப்படுகிறது. அடுத்த செல்லில் நுழைந்தவுடன் வேலை தொடங்க இதுவே கட்டுச்சோறு.

உறங்கும் வைரஸில் இப்புரதம் எங்கே இருக்கும்? இறந்தோரின் நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தார், உறக்கத்தில் அது சைட்டோபிளாசத்திலும், அக்கி எழுந்தபோது உட்கருவிலும் காணப்படுவதாக 1998இல் எழுதினர். உட்கருவுக்குள் விடாமல் நிறுத்திவைப்பதே உறக்கம் என்னும் விளக்கம் அழகாகவே இருந்தது. அழகான விளக்கத்தையே இருமுறை சோதிக்க வேண்டும் போலும்!

புரதம் நேரே கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனோடு ஒட்டும் எதிர்ப்பொருளை முயல், எலி ஆகியவற்றிலிருந்து பெற்று, அது படியும் இடத்தைக் கொண்டே இருப்பிடத்தை உணர்வர். 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு குறையைக் கண்டனர். அத்தகைய எதிர்ப்பொருள் கலவைகள் சில, ‘ஏ’ இரத்த வகையினரின் நரம்புச் செல்களில் இயல்பாகவே உள்ள இரத்தவகைப் பொருளோடும் ஒட்டின. வைரஸ் புரதம் இல்லாத செல்லும் இருப்பதுபோல் காட்டியது. கொடையாளரின் இரத்த வகையை யார் கேட்டிருப்பார்?

இதன்பின் ஆய்வாளர்களின் பார்வை புரதத்திலிருந்து ஆர்.என்.ஏ.வின் பக்கம் திரும்பியது. உறங்கும் வைரஸ் எழுதும் தனி ஆர்.என்.ஏ. ஒன்று மனித நரம்பு முடிச்சுகளில் இருப்பது 2018இல் வெளிவந்தது. அது 61ஆம் மரபணுவின் எதிரிழையில் எழுதப்பட்டு, அம்மரபணுவின் செயலை அடக்குகிறது.