வீடு தேடி வரும் மருத்துவம்: கருவியும் பயிற்சியும்

நமது கிராமங்களில் நோய் என்றால் காய்ச்சல், வாந்திபேதி, அம்மை என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். இவை வந்தால் வெளிப்படையாகத் தெரியும். வந்தவரைப் படுக்கையில் கிடத்திவிடும். ஆனால் இன்று நம்மிடையே பரவலாகக் காணப்படும் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் அத்தகையன அல்ல. வலியின்றி வருகின்றன, பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கோளாறாகவோ வெளிப்படுகின்றன. ஏர் பிடித்த கை விழுந்துவிட்டால் குடும்பமே விழுந்துவிடுகிறது.

2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 100-க்கு 7 பேர் அளவினருக்கே அது கட்டுக்குள் இருந்தது என்று காட்டிற்று. நீரிழிவு உள்ளவர்களில் இத்தொகை 100-க்கு 11 பேர் அளவே. மருந்து இல்லாமையால் விளைந்த நிலை அன்று இது. மருந்தும் மருத்துவரும் ஓரிடத்தில் இருக்க, நோயாளி வேறோரிடத்தில் தம் நோயை அறியாமலே உழைத்துக்கொண்டிருந்ததால் விளைந்தது. இந்த இடைவெளியை நிரப்பவே மருத்துவப் பணியும் ஊழியர் பயிற்சியும் இன்று மாறி வருகின்றன. இம்மாறுதலைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

நோய்க்கேற்ற ஊழியர்

1943-இல் அமைக்கப்பெற்ற போர் குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. நகரத்து ஆஸ்பத்திரியை நோக்கிக் கிராம மக்கள் நடந்து வருவதற்குப் பதிலாக, கிராமப் பகுதிகளிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைய வேண்டும் என்பது அதன் தலையாய யோசனை. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வட்டாரந்தோறும் இந்நிலையங்கள் எழலாயின.

அக்காலத்தில் மலேரியாவுக்கு ஓர் ஊழியர், அம்மை குத்துவதற்கு ஓர் ஊழியர், குடும்ப நலத்திற்கு ஓர் ஊழியர் என்று ஒரே வீட்டு வாசலுக்குப் பலர் வந்து போயினர். 1973-இல் கர்த்தார் சிங் குழு இம்முறையை மாற்றி, ஒருவரே பல பணிகளையும் ஆற்றும் பல்நோக்கு சுகாதார ஊழியர் முறையைப் பரிந்துரைத்தது. பிரசவம் மட்டும் பார்த்து வந்தவர் தடுப்பூசி, குழந்தை வளர்ப்பு, காய்ச்சல் கண்காணிப்பு ஆகியவற்றையும் கற்க வேண்டியதாயிற்று. இன்று நாம் அறிந்துள்ள கிராம சுகாதார செவிலியர் இம்முறையில் உருவானவரே. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பொது அளவு.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நோயின் தன்மை மாறும்போது கொள்கை மாறுகிறது. கொள்கை மாறும்போது ஊழியரின் பயிற்சியும் மாறியாக வேண்டும். தடுப்பூசி குறித்த வயதில் சில தவணைகளோடு முடிவது. இரத்தக் கொதிப்புக்கோ நாள்தோறும், பெரும்பாலும் ஆயுள் முழுதும், மாத்திரை வேண்டும். இதற்கு ஊரிலேயே இருந்து திரும்பத் திரும்ப வீட்டிற்கு வரக்கூடிய ஊழியர் தேவைப்படுகிறார்.

புதிய ஏற்பாடுகள்

2018-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் துணை சுகாதார நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. இவற்றுக்கென இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள் நியமிக்கப்படுகின்றனர். செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்குச் சமுதாய மருத்துவத்தில் 6 மாத காலச் சான்றிதழ்ப் பயிற்சி அளிக்கும் முறை இதற்காகவே வகுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கின்றனர். நோயுள்ளோருக்கு மாத்திரைகளைக் கொண்டு சேர்க்கின்றனர். படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் இல்லத்திலேயே கிடைக்கின்றன. 2024-இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது.

தொலைவில் உள்ள டாக்டரிடம் திரை வழியே ஆலோசனை பெறும் முறைக்கு 2020 மார்ச்சு மாதத்தில் இந்திய அரசு நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவ மாணவர்களின் படிப்பும் மாறியுள்ளது. 2021-22-ஆம் ஆண்டு மாணவர் முதற்கொண்டு, முதலாண்டிலேயே கிராமத்திற்குச் சென்று சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிப்பது பாடத்தின் பகுதியாக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயைப் பார்ப்பவர், அந்நோய் பிறக்கும் வீட்டையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

அளக்கிற நாழி

முன்னர் பாதரச மானியை வைத்துக்கொண்டு, செவியில் குழாயைப் பொருத்தி, நாடியின் ஒலியைக் கேட்டே இரத்த அழுத்தம் அளந்தனர். அதற்குத் தேர்ந்த செவி வேண்டும். இன்றைய மின்னணுக் கருவி எண்ணைத் தானே காட்டிவிடுகிறது. எனவேதான் ஊர்ப் பெண் ஒருவர் சில நாள் பயிற்சியிலேயே இப்பணியை ஏற்க முடிகிறது. இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்று நம் முன்னோர் கேட்டது இங்கும் பொருந்தும். கருவி எண்ணைக் காட்டும்; அந்த எண் சரியான முறையில் எடுக்கப்பட்டதா என்பதை அது அறியாது.

வரப்பு வெட்டிவிட்டு வியர்வையோடு வந்து நிற்கும் குடியானவருக்கு உடனே அளந்தால் அழுத்தம் மிகுதியாகவே காட்டும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, தேநீர், பீடி கூடாது. 5 நிமிடமாவது சாய்ந்து அமர்ந்திருக்க வேண்டும். கால்கள் தரையில் ஊன்றியிருக்க, கை நெஞ்சின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையைச் சட்டையின்மேல் சுற்றாமல் வெறுங்கையில் சுற்ற வேண்டும், அளக்கும்போது பேசலாகாது. சற்று இடைவெளி விட்டு இருமுறை அளத்தல் நன்று. 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினாலும், ஒரு நாள் அளவைக் கொண்டே நோய் என்று முடிவு செய்யாமல், சுகாதார நிலையத்தில் மீண்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை அளவும் அவ்வாறே. வெல்லம் உடைத்த கையையோ, பழம் நறுக்கிய கையையோ கழுவாமல் விரலில் குத்தினால், இரத்தத்தில் இல்லாத சர்க்கரையும் கணக்கில் சேர்ந்துவிடும். சோதனைத் தாள்களின் குப்பியைத் திறந்தே வைத்திருந்தாலும், காலம் கடந்த தாளைப் பயன்படுத்தினாலும் அளவு பிழைபடும். இச்சிறு செய்திகளே பயிற்சியின் உயிர்நாடி. இவற்றைத் தொடக்கத்தில் ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டு நிறுத்துவது போதாது. செவிலியர் உடன் சென்று, செய்வதைப் பார்த்து, திருத்தித் தர வேண்டும்.

எண்ணிக்கையும் நலமும்

புதிய முறையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு சோதனையும் கைப்பேசியில் பதிவாகிறது. எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது என்பது மாவட்டத் தலைநகரிலும் உடனே தெரிகிறது. ஆனால் சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை வேறு. நோய் கட்டுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கை வேறு. முன்னதை மட்டுமே கேட்கத் தொடங்கினால், ஊழியரும் பதிவேட்டை நிரப்புவதிலேயே கருத்தைச் செலுத்துவார். அலைத்தொடர்பு கிட்டாத ஊர்களில் தாளில் ஒருமுறையும் கைப்பேசியில் ஒருமுறையும் எழுத நேர்ந்தால், நோயாளியோடு பேசவேண்டிய பொழுது எழுத்திலேயே கழிந்துவிடும்.

அந்தப் பேச்சுத்தான் மிகவும் தேவையானது. மாத்திரையால் அளவு குறைந்தவுடன், இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுவோர் பலர். ஏரியில் நீர் நிற்கிறதே, கரை எதற்கு என்று யாரேனும் கரையை வெட்டுவரா? கரை இருப்பதால்தான் நீர் நிற்கிறது. இதைப் பொறுமையாக எடுத்துரைக்கும் திறன் எந்தக் கருவிக்கும் இல்லை. பயிற்சி பெற்ற, ஊரார் நம்பும் ஊழியருக்கே உண்டு.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

1. நடவு, அறுவடைக் காலங்களில் பகலில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். தன்னார்வலர் எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்கு வந்தால் ஆண்களும் உழைக்கும் பெண்களும் இருப்பார்கள் என்பதைப் பஞ்சாயத்தே அவருடன் கலந்து வகுக்கலாம்.

2. கிராம சபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது. ஊரில் எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் உள்ளது என்று செவிலியரைக் கேட்டு, அத்தொகையை முந்திய கூட்டத்தின் தொகையோடு ஒப்பிடலாம். தனி மனிதர் பெயரையோ அவரது நோயையோ சபையில் கூறுவது முறையன்று.

3. பட்டை கிழிந்த கருவி, தீர்ந்துபோன சோதனைத் தாள், வராத மாத்திரை ஆகியவற்றை வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

4. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தினாலே பயனுண்டு. ஆகவே, காலம் கடத்தாமல் 108-ஐ அழைக்குமாறு ஊரில் எல்லோருக்கும் சொல்லி வைத்தல் வேண்டும்.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

நமது ஊரில் 30 வயதைக் கடந்தும் ஒருமுறைகூட இரத்த அழுத்தம் சோதிக்கப்படாதவர்கள் எந்தத் தெருக்களில் மிகுதி? காரணம் என்ன?

வெளியூர் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு மாத்திரை இடைவிடாமல் கிடைக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

நம் ஊர்த் தன்னார்வலருக்குக் கடைசியாகப் பயிற்சி நடந்தது எப்போது? அடுத்த பயிற்சி எப்போது?

மூன்றாவது வினாவுக்கு விடை தெரியாத பஞ்சாயத்து, அடுத்த கூட்டத்திற்குச் செவிலியரையும் தன்னார்வலரையும் அழைத்து, அவர்கள் சொல்வதை முதலில் கேட்கட்டும்.