எசேக்கியாவும் அத்திப்பழ அடையும்



2018 ஜூலையில் திருப்பூரில், இணையத்தில் பார்த்த முறைப்படி வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஓர் இளம் தாய் இரத்தப்போக்கால் மரித்தார். குழந்தை பிழைத்தது. மறுமாதம், வீட்டுப் பிரசவப் பயிற்சி அறிவித்த ஒருவர் கோவையில் கைதானார்.

பிரசவத்துக்குப் பின் பெருகும் இரத்தம் இரண்டு மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடும். ஓர் ஆக்ஸிடோசின் ஊசி அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். கொல்லிமலையிலிருந்து புளியஞ்சோலைக்கு நடந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் எம்மாத்திரம்?

மலையின் மூலிகைகளை நாம் இகழவில்லை. எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், தேவன் கேட்டருளினார். ஆயினும் ஏசாயா பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னான் (2 இராஜாக்கள் 20). ஜெபம் மருந்தைத் தள்ளவில்லை. மாத்திரையை எறியச் சொல்லும் ஆலோசகரோ, மூச்சுத் திணறும் இரவில் அருகில் இருப்பதில்லை.

வார்டில் ஜெபிக்குமுன், “மாத்திரை சாப்பிட்டாயிற்றா?” என்று நாம் கேட்பது இதனால்தான்.