ஓட்டிசம்: பயிற்சி வீட்டிலேயே தொடங்கலாம்

சில வருடங்களுக்கு முன் ஒரு தாயார், தடிமன் காய்ச்சல் என்று தனது இரண்டரை வயது மகனை ஸ்காபரோவிலுள்ள எனது கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். மருந்து எழுதிக் கொடுத்த பின்பும் அவர் எழும்பவில்லை. "டொக்டர், பேர் சொல்லிக் கூப்பிட்டா இவன் திரும்பிப் பாக்கிறானில்லை. தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர், பள்ளிக்கூடம் போனாச் சரிவரும் எண்டு மாமி சொல்லுறா" என்றார்.

எமது சமூகத்தில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. பேச்சுப் பிந்தும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் இருப்பதில்லை. ஆனால் பார்த்திருந்து பார்த்திருந்து இழக்கும் மாதங்கள் திரும்பி வருவதில்லை.

ஓட்டிசம் என்றால் என்ன?

இது நோயல்ல, மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. இப்பிள்ளைகளுக்கு மற்றவர்களுடன் பழகுவதும் தொடர்பாடுவதும் கடினமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சிலருக்குச் சத்தம், தொடுகை, சில உணவுகள் என்பவற்றைத் தாங்க முடியாது. தாயின் வளர்ப்புப் பிழையாலோ, கண்ணூறாலோ, தடுப்பூசியாலோ இது வருவதில்லை. "ஊரில் இப்படி ஒன்றும் இருக்கவில்லை" என்பதும் சரியல்ல. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது.

கவனிக்க வேண்டியவை

- ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாமை
- 18 மாதமாகியும் விரலால் சுட்டிக் காட்டாமை
- இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை
- எந்த வயதிலும், பேசிய சொற்களை இழத்தல்

எங்கள் அன்பும் ஒரு தடையாகலாம்

பிள்ளை வாய் திறக்குமுன்பே அதற்கு வேண்டியதைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அழமுன் பால், கேட்கமுன் பிஸ்கட், பின்னால் திரிந்து சோறு தீத்துதல். இதில் தவறில்லை. ஆனால் கேட்க வேண்டிய தேவையே இல்லாத பிள்ளைக்குக் கேட்கப் பழகச் சந்தர்ப்பமும் இல்லை. எனவே தீத்துவதை நிறுத்த வேண்டாம், அதையே பயிற்சியாக்குங்கள்.

1. பிள்ளையின் முகத்துக்கு நேரே நிலத்தில் இருங்கள். தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் நிறுத்துங்கள்.
2. கரண்டியை வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பார்வை, சத்தம், கை நீட்டல் எதுவந்தாலும் "சோறு!" என்று சொல்லி உடனே கொடுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் கொடுங்கள். பட்டினி போடுவது நோக்கமல்ல.
3. பிள்ளை காரின் சில்லைச் சுற்றினால் பறிக்காமல் நீங்களும் சேர்ந்து சுற்றி, "சுத்து, சுத்து" என்று சொல்லுங்கள்.
4. குளிப்பாட்டும்போது, சட்டை மாற்றும்போது தினமும் அதே சிறு சொற்களைச் சொல்லுங்கள்.
5. அம்மம்மா, அப்பப்பா எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களுடன் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், விசேட வைத்தியர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோரைப் பயிற்றினார்கள். பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து பதிலளிப்பதும், பிள்ளை தானாகத் தொடர்பாடத் தொடங்குவதும் கூடின. ஆனால் இது நிபுணர்களுக்குப் பதிலீடு அல்ல.

எந்த மொழியில் கதைப்பது?

இங்கே நான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு நானும் பெற்றோரிடம் "ஆங்கிலம் மட்டும் கதையுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு வீட்டில் ஆங்கிலம் தெரியாத அம்மம்மா பேரனுடன் கதைப்பதையே விட்டுவிட்டார். நாள் முழுதும் அவனைப் பார்த்தவர் அவர்தான். இரு மொழிகள் கேட்பதால் ஓட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சு மேலும் பிந்துவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே கொஞ்சுங்கள், பாடுங்கள், கதையுங்கள்.

உதவி எங்கே?

- ஒன்ராறியோவில் 18 மாதத்தில் விரிவான வளர்ச்சிப் பரிசோதனை உண்டு. ஊசி போட்டவுடன் ஓடாமல் உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள். செவிப் பரிசோதனையும் கேளுங்கள்.
- ரொறன்ரோவின் "ஏர்லி எபிலிட்டீஸ்" பேச்சுச் சேவை இலவசம். வைத்தியரின் கடிதமின்றிப் பெற்றோரே பதியலாம்.
- ஓட்டிசம் என்று எழுத்தில் உறுதியானதும் "அக்செஸ் ஓஏபி"யில் பதியுங்கள். முக்கிய சிகிச்சைக்கான நிதிக்குக் காத்திருப்பு மிக நீண்டது. ஆனால் 12 முதல் 48 மாதப் பிள்ளைகளின் பெற்றோருக்கான இலவசப் பயிற்சிக்கு அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை.

நான்கு வயது தாண்டினால் இந்தப் பயிற்சி கிடைக்காது. "பள்ளிக்கூடம் போகட்டும்" என்று காத்திருக்கும் பெற்றோர் இழப்பது இதைத்தான்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் பல குடும்பங்கள் பிள்ளையைக் கொண்டாட்டங்களுக்குக் கூட்டிப்போவதில்லை. அகதிகளாக வந்த நாங்கள் எத்தனையோ கதவுகளை வெட்கப்படாமல் தட்டியவர்கள். பிள்ளைக்காக இந்தக் கதவையும் தட்டுவோம். சந்தேகம் இருந்தால் இந்தக் கிழமையே உங்கள் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள்.