அஞ்சலைப் பற்றி ஓர் அஞ்சல்

அன்புள்ள மருமகனுக்கு,

தூத்துக்குடியிலிருந்து மாமா எழுதுவது. உன் அம்மா போனில் சொன்ன கதையைக் கேட்டு அத்தை இன்னும் சிரித்து முடிக்கவில்லை. மீன்கடைக்காரர் "அஞ்சல் பேக்கா?" என்று கேட்டாராம், நீ தபால்காரரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்து முழித்துவிட்டு, பக்கத்துக் கடையில் அரைக் கிலோ கோழி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாயாம். மாப்ள, அது நம்ம சீலா. சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்கள், நாகர்கோவிலில் நெய்மீன். நீ இருக்கிற மைசூருக்குக் கடல்மீன் பெரும்பாலும் மங்களூரிலிருந்து மலையேறி வருகிறது, பெயரும் அதோடு லாரி ஏறி வந்துவிடுகிறது. பங்குடே என்றால் அயிலை, பூத்தாய் என்றால் சாளை, காணே என்றால் கிழங்கான், சிகடி என்றால் இறால். அஞ்சலையும் சேர்த்து இந்த ஐந்தை மனப்பாடம் பண்ணு. மிச்சக் கன்னடத்தைக் கம்பெனியில் கற்றுக்கொள்ளலாம்.

நீ குடியிருக்கிற ஹெப்பாள் எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் மூன்று வருஷம் அங்கே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் பிடித்தேன். இன்போசிஸ் வளாகம் அப்போது கிடையாது. இன்போசிஸ் அறக்கட்டளை இப்போது ஏரியைச் சீர்செய்திருப்பதாகப் படித்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுது. பெங்களூரிலும் ஒரு ஹெப்பாள் இருப்பதால் முகவரியில் மைசூர் என்று எழுத மறக்காதே. உன் தாத்தா மறந்துவிட்டு எனக்கு அனுப்பிய பொங்கல் வாழ்த்து மாசிக் கடைசியில் கைக்கு வந்தது.

நீ ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டலையே நம்பியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நானும் அப்படித்தான் இருந்தேன். சமைக்கத் தெரியாததால் இல்லை. அம்மா வைக்கிற மீன்குழம்பை அந்த ஒற்றை அறையில் வைக்கப் பார்த்ததால். புளி ஊறவேண்டும், தேங்காய் அரைக்கவேண்டும், சின்ன உள்ளி உரிக்கவேண்டும். ஷிஃப்ட் முடிந்து வந்து ஒன்றரை மணிநேரம் அடுப்படியில் நின்றால், வாயில் வைக்கும்போது அது அம்மா குழம்பும் இல்லை, நம் குழம்பும் இல்லை. நான்கு தடவை முயன்று சட்டியை மூலையில் கவிழ்த்துவிட்டேன். அந்தக் குழம்புக்கு அந்த வீடு வேண்டும், அரைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஊருக்கு வரும்போது சாப்பிட்டுக்கொள். ஹெப்பாளில் இருக்கும்போது இரண்டு துண்டு மீன், ஒரு சின்னக் கடாய், இருபது நிமிஷம், அவ்வளவில் முடிகிறதைச் செய்.

எனக்கு அதைக் காட்டியவர் மாடி வீட்டுக் கொடவ அம்மா. மடிக்கேரிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டில் தார் போலக் கறுத்த ஒரு புளிச்சாறு பாட்டிலில் இருக்கும். கச்சம்புளி. நாகர்கோவில் பக்கம் மீனுக்குப் போடுகிற குடம்புளி தெரியுமே, அதே மரம்தான். அங்கே பழத்தோலைக் காயவைத்து எடுக்கிறார்கள், குடகில் பழுத்த பழத்தின் சாற்றை வடித்து, கறுத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சி எடுக்கிறார்கள். அவர்கள் பன்றிக்கறிக்கு அது இல்லாமல் ஆகாது. மைசூரில் குடகுச் சாமான் விற்கிற கடைகளில் கேள், கிடைக்கும். காரம் மாதிரி ஏறுகிற புளிப்பு, அரை டீஸ்பூனுக்கு மேல் தொடாதே.

அந்தக் கச்சம்புளியோடு நான் சேர்த்தது நம்ம ஊர்க் கருப்பட்டி. மீனில் இனிப்பா என்று முகம் சுளிக்காதே. வத்தக்குழம்பில் கடைசியில் ஒரு துண்டு வெல்லம் போடுகிறோமே, அது எதற்கு? ஜப்பான்காரர்கள் சோயா சாஸும் சர்க்கரையும் காய்ச்சி மீன்மேல் பூசிப் பளபளவென்று சுடுகிறார்கள், தெரியாக்கி என்று பெயர். அதில் 'தெரி' என்பதற்கே பளபளப்பு என்றுதான் அர்த்தமாம். உனக்குச் சோயா சாஸ் வேண்டியதில்லை. உன் அம்மா கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டி டப்பாவில் தூங்குகிறது இல்லையா, அதை எழுப்பு. தீர்ந்துபோனால் மாண்டியா அச்சு வெல்லம் எந்தக் கடையிலும் உண்டு, பெல்ல என்று கேட்கவேண்டும்.

முதலில் குக்கரில் அரிசியை வைத்துவிடு. அது கூவி ஆவி அடங்குவதற்குள் மீன் வேலை முடிந்துவிடும்.

அஞ்சல் இரண்டு துண்டு, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கனத்தில் வெட்டித் தரச் சொல். கழுவி, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் தடவிப் பத்து நிமிஷம் வை. பிறகு, இதைத்தான் யாரும் செய்வதில்லை, சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடு. ஈரம் இருந்தால் மீன் வேகுமே தவிர வறுபடாது, சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிஷத்தில் பெருநெல்லி அளவு கருப்பட்டியைத் தட்டி, நான்கு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டு. வடிகட்டியின் அடியில் மணல் நிற்கும், பார். நாலு பல் பூண்டைத் தட்டிப் போடு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், சிட்டிகை உப்பு, கச்சம்புளி. இது கிண்ணத்தில் தனியாக இருக்கட்டும். மீனோடு சேர்க்காதே.

ஏன் என்றால் நான் சேர்த்தேன். முதல் தடவை, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசறி ஊறவைத்து எண்ணெயில் போட்டேன். இரண்டாவது நிமிஷம் ஓரம் கறுத்தது, மூன்றாவது நிமிஷம் கசந்த புகை, மீனைப் புரட்டிப் பார்த்தால் வெளியே கரி, நடுவே பச்சை. கருப்பட்டி மீன் வேகும்வரை பொறுக்காது, அதற்கு முன்னால் கருகிவிடும். கடாயில் ஒட்டியதைச் சுரண்ட லேத் பட்டறையிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே மீன் முதலில், பாகு கடைசியில். கடாயில் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் நன்றாகக் காயட்டும். மீனை வைத்துவிட்டு மூன்று நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நில். கரண்டியால் தள்ளிப் பார்க்காதே. வறுபட்டதும் தானே சட்டியை விட்டுக் கழன்றுகொள்ளும், கழலவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை. திருப்பிப் போட்டு இரண்டு நிமிஷம். அடுப்பைச் சிறுதீயாக்கிக் கிண்ணத்தை ஊற்று. முதலில் சின்னச் சின்னக் குமிழி சலசலவென்று வரும், தண்ணீர்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்து, குமிழி பெரிதாகி, மெதுவாக உடைய ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் ஸ்பூனால் அள்ளி அள்ளி மீன்மேல் ஊற்று. தீபாவளிக்கு உன் அம்மா அதிரசப் பாகு எடுக்கிறதை எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய்! அதே கண்தான் இங்கேயும் வேண்டும். கம்பிப் பதத்துக்குப் போகவிடாதே, தேன் பதத்திலேயே அடுப்பை அணை. ஸ்பூனால் கடாயில் ஒரு கோடு கிழித்தால் ஒரு நொடி நின்று மூடவேண்டும். இன்னும் கொஞ்சம் இறுகினால் நல்லது என்று தோன்றும், தோன்றட்டும். தட்டுக்கு வருவதற்குள் தானாக இறுகிவிடும்.

வெள்ளைச் சோறு, ஒரு வெள்ளரிக்காய், கொஞ்சம் தயிர். போதும். ரசம் இருந்தால் ராஜபோகம்.

இரும்புக் கல்லில் இதைச் செய்யாதே, புளிப்பு இரும்போடு சேர்ந்து நாக்கில் துரு அடிக்கும்.

மீன் வாங்குவது பற்றி நிறையச் சொல்லலாம், நம் வீட்டுப் பையனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கேள். காலையில் மீனை வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் அங்கே சில பையன்களுக்கு உண்டு. அயிலை, சாளை, சூரை, சீலா எல்லாம் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்கிற பொருள் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை இடிக்கும். அதனால் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கு, அல்லது வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போ.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கர்நாடகக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. நமக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை என்பது உனக்குத் தெரியும், அங்கே கணக்கு வேறு. அந்த இரண்டு மாதம் அஞ்சல் கேட்டால் விலை ஆளை விழுங்கும், வருவதும் பெரும்பாலும் ஐஸில் பழகிய மீன். அப்போது கௌரவம் பார்க்காமல் கட்லா, ரோகு வாங்கு. கே.ஆர்.எஸ்., கபினி அணைத் தண்ணீரில் பிடிப்பது அங்கே உண்டு. கடற்கரைக்காரனுக்கு ஆற்றுமீன் என்றால் சேற்று வாசம் என்று ஒரு நினைப்பு. உண்மைதான், கொஞ்சம் இருக்கும். ஆனால் புளிப்பு பட்டால் அந்த வாசம் அடங்கிவிடுகிறது, கச்சம்புளி இருக்கும்போது என்ன கவலை. முள் மட்டும் பார்த்துத் தின்னு, கட்லாவின் சதைக்குள்ளே இரட்டைக் கவை முள் ஒளிந்திருக்கும். படித்துக்கொண்டே சாப்பிடுகிற உன் வழக்கம் அன்றைக்கு வேண்டாம்.

வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் இருந்தால் பேச்சை மாற்றிவிடுவாள். உன் வீட்டுக்காரர் சைவம் என்றும், நீ மீன் சமைக்கிறதை அவரிடம் சொல்லவில்லை என்றும் தெரிந்தது. நானும் முதல் வீட்டில் சொல்லாமல்தான் இருந்தேன். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டை அடைத்து, ராத்திரி பத்து மணிக்குத் திருடன் மாதிரி வறுத்தேன். ஜன்னலைச் சாத்தினால் வாசம் போகுமா? திரைச்சீலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எட்டாம் மாதம் என் வீட்டுக்காரர் மேலே வந்தார், சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அட்வான்ஸைப் பைசா பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. இந்த வாரமே போய்ச் சொல். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வீடு பார், ஹெப்பாளில் வீட்டுக்கா பஞ்சம். மாடி வீட்டுக் கொடவ அம்மாவை நான் சந்தித்ததே அப்படி வீடு மாறிய பிறகுதான்.

சாப்பிட உட்காரும் முன்னால் கடாயில் வெந்நீர் ஊற்றி வை. பாகு ஆறிப்போனால் அதைத் தேய்க்க உனக்கு உப்புத்தாள்கூடக் கிடைக்காது.

ஆடிக்கு வரும்போது கச்சம்புளி ஒரு பாட்டில் எனக்கு வாங்கி வா. மூடியில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி நிமிர்த்தி வை. பையில் படுக்கவைத்து நான் கொண்டுவந்த தடவை ஒழுகியதில் வெள்ளைச் சட்டை ஒன்று கறை பட்டது, இன்னும் போகவில்லை. அத்தை அதை அடுப்படித் துணியாக வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாமா