நிலத்தை அளக்க மனுச் செய்யுமுன் அண்டைப் பட்டாதாரருக்கு அறிவித்தல்

குடியானவர்களுக்குள் உண்டாகும் விவகாரங்களில் வரப்பைப் பற்றியவை அநேகம். வரப்பு ஒரே நாளில் நகர்வதில்லை. போகந்தோறும் அண்டை வெட்டும்போது மண்வெட்டி ஒரு விரற்கடை உட்செல்லுகிறது. சில வருஷங்களில் எல்லைக்கல் அயல் வயலின் நடுவே நிற்கக் காணலாம். 330 அடி நீளமுள்ள வரப்பு 3 அடி தள்ளிப்போனால் குறையும் நிலம் 990 சதுர அடி, அதாவது சற்றேறக்குறைய இரண்டேகால் சென்டு. அத்துண்டு 12 வருஷங்களுக்கு மேல் பிறருடைய எதிரிடையான அநுபோகத்தில் இருந்துவிட்டால், 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி அதை மீட்பது அரிதாகும்.

ஆகையால் காலத்தில் அளப்பது அவசியம். ஆனால் அயலாருக்குத் தெரிவியாமல் மனுச் செய்வது விரோதத்திற்கு வித்தாகும். ஒரு திருஷ்டாந்தம்: ஒருவர் கீழண்டைக்காரருக்குச் சொல்லாமல் மனுக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நில அளவர் சங்கிலியை நீட்டியபோதுதான் அவருக்குச் செய்தி எட்டுகிறது. தம்மைத் திருடனாக்கினரென்று எண்ணி, சரியான அளவையும் அவர் மறுக்கிறார். இரண்டேகால் சென்டுக்காக இருவரும் நீதிமன்றம் ஏறுகின்றனர்; வழக்குச் செலவு நிலத்தின் விலையை மிஞ்சுகிறது; பொதுவாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவதிலும் சச்சரவு புகுகிறது.

இதைத் தவிர்க்கக் கீழ்க்கண்ட முறையை அநுசரிக்கலாம்.

1. பட்டா, புலப்படம் ஆகியவற்றின் நகல்களைப் பெற்று, நான்கெல்லையிலுமுள்ள புல எண்களைக் குறித்துக்கொள்க.

2. அவற்றின் பட்டாதாரர்களை அறிக. கூட்டுப் பட்டாவாயின் அனைவருக்கும் அறிவிக்கவேண்டும். குத்தகைதாரர் பயிரிட்டால் அவருக்கும் சொல்லுக. வெளியூரிலிருப்போருக்குப் பதிவுத் தபால் அனுப்புக. எல்லையில் வாய்க்கால் அல்லது பாதைப் புறம்போக்கு இருப்பின் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிக்கவேண்டும்.

3. முதலில் நேரிற் சென்று சொல்லி, பிறகு எழுத்திலும் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுக. புல எண், அளக்கவேண்டிய பக்கம், உத்தேசமான காலம் இவை போதும். குற்றச்சாட்டு ஒன்றும் எழுதலாகாது.

4. அறுவடைக்குப் பின், உழவுக்கு முன் அளக்கக் கோருக. பயிர் நின்றால் கற்கள் மறையும். மிதிபட்டு நஷ்டமும் நேரும்.

5. அளக்கும் நாளில் இருதரத்தாரும் உடனிருந்து ஒவ்வொரு கல்லையும் பார்க்கவேண்டும். காணாமற்போன கற்களை உடனே நட்டு, புதிய வரப்பை இருவரும் சேர்ந்து போடுதல் நலம்.

இம்முறை சர்க்கார் அறிவிப்புக்குப் பதிலாகாது. 1923ஆம் வருஷத்து 8-வது சட்டமாகிய நில அளவை, எல்லைகள் சட்டத்தின்படி, தகராறுள்ள எல்லையை அளவை அதிகாரி விசாரித்து, காரணங்களை எழுதி நிர்ணயித்து, சம்பந்தப்பட்டோருக்கு அறிவிக்கவேண்டும். அதனால் குறையுற்றவர் அளவை முடிந்ததாக மாவட்ட அரசிதழில் பிரசுரமான நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்கிடலாம். தவறினால் அந்த அளவையே முடிவான சான்றாகும். தம் நிலத்து எல்லைக்கற்களைப் பராமரிப்பதும் அச்சட்டப்படி பட்டாதாரரின் கடமையே.

கிராம அதிகாரிகள் மனுவைப் பெறும்போதே, “அண்டைக்காரருக்குச் சொல்லியாயிற்றா?” என்று கேட்பாராயின், பின்னர் விசாரிக்கவேண்டிய தகராறுகள் பல அங்கேயே தீரும். அளவு முடிந்தபின்பும் இருவரும் ஒரே வரப்பின்மேல் நடக்கவேண்டியவர்கள் என்பதைக் குடியானவர்கள் நினைவிற் கொள்வார்களாக.