வெள்ளைப்படுதலும் வாடையும்

மெட்டுகுடாவில் நம் மாலை வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் சில நாளாகச் சுவர் ஓரமாகத் தனியே உட்கார்ந்தார். காரணம் கேட்டேன். கேட்க எனக்கும் கூச்சம்தான்.

"கீழே மீன் வாடை அடிக்குதும்மா. சோப்புப் போட்டு உள்ளேயும் கழுவுறேன், போகலே" என்றார்.

உள்ளே கழுவியதுதான் தவறு. பாலைத் தயிராக்குவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவற்றுக்கு உறவான நல்ல கிருமிகள் பெண்ணுறுப்பிலும் உள்ளன. அவை புளிப்பை உண்டாக்கிக் கெட்ட கிருமிகளைத் தடுக்கின்றன. 1892-ல் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதினார். சோப்பும் டெட்டாலும் உள்ளே போனால் நல்ல கிருமிகள் அழியும். வெளியே மட்டும் தண்ணீரால் கழுவுங்கள். அதற்காகத் தயிரை உள்ளே தடவாதீர்கள்!

லேசான புளிப்பு வாடை இயற்கை. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீராக வெள்ளைப்பட்டால் கிருமித் தொல்லை. திரிந்த பால் போலக் கட்டியாகப் பட்டு அரித்தால் பூஞ்சை. அதில் வாடை அதிகம் இராது. மஞ்சளாக, பச்சையாக நுரைத்து வந்தால் வேறொரு கிருமி. கணவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ உடனே காட்டுங்கள். மாதவிலக்கு நின்ற பின் ரத்தம் கலந்து நாறினால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். அது கருப்பைவாய்ப் புற்றாகவும் இருக்கலாம்.

நமக்குக் காந்தி மருத்துவமனை உண்டு. ரயில்வே குடும்பத்தாருக்கு லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரி. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம்.

அக்காவோடு நானும் போனேன். ஏழு நாள் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது நடுவில்தான் உட்காருகிறார்.