எண்ணெயா, நடையா, சோற்றுத் தட்டா?

மயிலாடுதுறைப் பக்கம் ஐம்பதைக் கடந்த பலருக்குச் சுகர், பிரஷர், மூட்டுவலி மூன்றும் சேர்ந்தே வருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் முதல் இரண்டுக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதற்கு மேல் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். ஒருவர் நடக்கச் சொல்கிறார். இன்னொருவர் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறச் சொல்கிறார். மூன்றாமவர், எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒருவரைக் கைகாட்டுகிறார். காசும் நேரமும் அளவாக இருப்பவர் எதை முதலில் பிடிப்பது?

என் கணக்கு இது. சுகருக்குத் தட்டும் நடையும் முதலில். மூட்டுக்குப் பயிற்சி முதலில். நீவுதலும் ஒத்தடமும், அந்தப் பயிற்சியைச் செய்ய உடம்பு இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும். மாத்திரையை நிறுத்துவது இந்தக் கணக்கிலேயே வராது.

சுகருக்கு நம் ஊர்ச் சான்றே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது ஏறத்தாழ 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எல்லையில் நிற்பவருக்குத் தட்டும் காலும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்கின்றன என்பது எனக்குப் பெரிய செய்தி. நோய் ஏற்கெனவே வந்தவர்கள் இதைத் தங்களுக்கு அப்படியே பொருத்திக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு மூன்றுமே வேண்டும்.

தட்டில் எதை மாற்றுவது? நெல் விளையும் மண்ணில் சோற்றை விடு என்று சொல்வது நடக்காத காரியம். பாரம்பரிய அரிசிகள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 174 ரகங்களை மீட்டுக் கொடுத்தது சாதாரணப் பணி இல்லை. தீட்டாத சிவப்பரிசியில் நார்ச்சத்து கூடுதல், வயிறும் சீக்கிரம் நிறையும். ஆனாலும் வெள்ளைப் பொன்னியோ மாப்பிள்ளைச் சம்பாவோ, எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்துதான். ரகத்தை மாற்றிவிட்டு அளவைக் கூட்டினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சோற்றுக்குப் பதில் இரண்டு பெரிய உருண்டை கேழ்வரகுக் களி சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதை. கூடுதல் விலை கொடுத்துக் கருப்புக் கவுனி வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இருக்கிற அரிசியில் ஒரு கரண்டி குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

குறைத்த இடத்தை நிரப்பும் பொருள் நம் வயலிலேயே விளைகிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். விளைந்ததை மூட்டை கட்டி விற்றுவிட்டு, நம் தட்டில் சோறும் குழம்பும் அப்பளமுமாக உட்காருகிறோம். தினம் ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல், அதே அளவு கீரை அல்லது காய், அதற்குப் பிறகு சோறு என்று வரிசையை மாற்றிப் பாருங்கள். சிறுநீரகம் பாதித்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயற்றைக் கூட்டட்டும்.

பழைய சோற்றைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் சிறு பங்கு செரிக்காத வகையாக மாறுவது உண்மை. அதை நம்பி அளவைக் கூட்ட முடியாது. பிரஷர் உள்ளவருக்கு வில்லங்கம் தொட்டுக்கொள்வதில் இருக்கிறது: கருவாடு, மோர்மிளகாய், மாவடு. நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய் தின்கிற வீட்டில் அது காலையிலேயே பாதி தீர்ந்துவிடும். கடையில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம்.

“வயல் வேலை செய்யறோமே, அது உடற்பயிற்சி இல்லையா?” நியாயமான கேள்வி. இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. இருக்கிற வேலையும் குறுவை, சம்பா, தாளடி என்று அலையலையாக வந்து போகிறது. நடுவில் வாரக்கணக்கில் சும்மா இருக்கிறோம். சுகருக்கு வேண்டியது வாரம் 150 நிமிடம், தவறாமல். மாவட்டத்துக்கு ஒன்றாக 2023 நவம்பரில் தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் நல்ல முயற்சி. மூட்டு தேய்ந்தவர் அந்தத் தூரத்தைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. மயிலாடுதுறை ராஜன் தோட்டத்து மைதானத்தில் அரை மணி நேரம் போதும். அதுவும் முடியாதவர், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் தெருவில் பத்து நிமிடம் நடக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது கண்கூடாகக் குறைக்கும். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

மூட்டுவலிக்காரர்கள் செய்யும் முதல் காரியம் காலை அசைக்காமல் வைப்பது. அதனால் தொடைத் தசை மெலிந்து, பாரம் முழுக்க மூட்டில் இறங்குகிறது. திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து ஒரு காலை மெல்ல நேராக நீட்டுங்கள். பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்து ஐந்து எண்ணி இறக்குங்கள். தொடையின் மேல் கை வைத்தால் தசை இறுகுவது தெரியும்; இறுகவில்லை என்றால் கால் சரியாக நீளவில்லை. காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். பழகியபின், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாக நின்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. தட்டில் குறைத்த கரண்டி மூட்டுக்கும் மருந்தாவது இப்படித்தான்.

இனி கை வைத்தியம். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகை உண்டு. அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். நீவியபின் இறுக்கம் தளர்கிறது, தூக்கம் வருகிறது. அந்தச் சுகத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் சில நாளில் வலி திரும்பிவிடும். நீவி முடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காலை நீட்டும் பயிற்சியைச் செய்தால் கொடுத்த காசு வீண்போகாது. ஒன்றுக்குத்தான் வசதி என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டால் பிறகு செலவே இல்லை. நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு.

சில இடங்களில் கை வைக்கவே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அது நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கும். காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டையும் தொடாதீர்கள். எலும்பு மெலிந்த வயதான அம்மாக்களுக்குக் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கவே வேண்டாம். சுகரால் பாதம் மரத்தவருக்குச் சுடு எண்ணெயும் ஒத்தடமும் பெரிய ஆபத்து: சூடு தெரியாமல் தோல் வெந்து, அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் வரை போய்விடும். வீட்டில் இன்னொருவர் முழங்கையால் சூடு பார்த்தபிறகே ஊற்றட்டும். பெயர் ஒட்டாத பொடியோ உருண்டையோ கொடுத்து இரண்டே நாளில் வலி பறந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். அது சுகரையும் பிரஷரையும் ஏற்றும். மாதக்கணக்கில் தின்றுவிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.